கட்டுரைக்கு ஆள் பிடித்தல்



சில காலத்துக்கு முன் ஓர் இரவு ரொறன்ரோவிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பொன்று வந்தது. பேசியவர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். இப்போது அங்கே தமது ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர். வடமராட்சிக் கரையோரமாக உள்ள சிறிய ஊர் அது.

"மாஸ்ரர், எங்கட ஊரைப் பற்றி ஆறு கட்டுரை வேணும். அந்தப் பழைய தலபுராணம் மாதிரி வேண்டாம். ஊரிலை இப்ப சனம் என்ன செய்யுது, எப்பிடிச் சீவிக்குது எண்டு ஆக்கள் இருந்து வாசிக்கிற மாதிரி வேணும். எழுதக்கூடிய ஒரு ஆளைப் பிடிச்சுத் தாங்கோ. காசு ஒரு பிரச்சினையில்லை" என்றார்.

காசு பிரச்சினையில்லை என்று முதலிலேயே சொல்கிறவர்களிடந்தான் பின்னர் காசு பிரச்சினையாவதை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் அவர் கேட்டது நல்ல விடயம். வழக்கமாக இத்தகையவர்கள் என்னிடம், "நீங்களே சும்மா ஒண்டு எழுதித் தாங்கோவன்" என்றுதான் கேட்பார்கள். இவர் கூலி கொடுத்து எழுதுவிக்க வேண்டுமென்ற எண்ணத்தோடு வந்தார். அந்த ஆறு கட்டுரைகளும் எவ்வாறு எழுதப்பட்டன, அவற்றுள் ஒன்று என்னவாயிற்று என்பதைச் சொல்வதற்கு முன்னர், கட்டுரை எழுதுவிக்கும் தொழிலைப் பற்றிச் சிறிது பேசலாமென எண்ணுகிறேன். இத்தொடரிலே கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் நாடகம் பற்றியும் நிறையக் கேட்டுவிட்டீர்கள். பத்திரிகைக் கட்டுரைக்கு இங்கே நாற்காலி போடுவது குறைவு.

சுதந்திர ஊடகவியலாளர் என்று நாம் இன்று அழைப்பது, எந்தவொரு நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறாது, எழுதியதற்கு மாத்திரம் கொடுப்பனவு பெறும் ஒருவரை. அவருக்கு ஊழியர் சேமலாப நிதி கிடையாது. சம்பளத்துடன் கூடிய லீவு கிடையாது. சுகயீனமுற்றால் அந்த மாதம் அடுப்பு எரிவது சந்தேகம். 'சுதந்திர' என்ற அடைமொழியை யார் இட்டார்களோ தெரியாது. நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவராயிருக்க வேண்டும்.

இனி, சிறப்புக் கட்டுரை என்பது யாது? செய்தியை நிருபர் தருகிறார். "சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கின்றது" என்பது செய்தி. 2014, 2015ஆம் ஆண்டுகளில் இச்செய்தி திரும்பத் திரும்ப வந்ததை நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். ஆனால் ஓரிடத்தில் நிலத்தில் ஊறிய எண்ணெய் அயற்கிராமத்துக் கிணற்றுக்கு எப்படிப் போனது? அதை அறிய வேண்டுமாயின் நமது குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறதென்பதையும், அந்தக் கல்லின் வெடிப்புக்களூடாகவும் குகைகளூடாகவும் நிலத்தடி நீர் ஓடுகிறதென்பதையும், மழைகாலத்து வழுக்கியாற்றைத் தவிர நமக்கு ஆறென்று சொல்ல வேறெதுவும் இல்லையென்பதையும் ஒருவர் சொல்லவேண்டும். அத்தோடு, வாளியை இறக்கிவிட்டு முகர்ந்து பார்த்த அந்த வீட்டு அம்மா அன்று என்ன சமைத்தார், தண்ணீருக்கு எங்கே போனார் என்பதையும் சொல்லவேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து எழுதினால் அது சிறப்புக் கட்டுரை. வானொலியிலே இதற்கு உறவுக்காரன் உண்டு. 'உரைச்சித்திரம்' என்று நாம் சொல்வது அதுதான்.

இவ்விரு துறைகளையும் ஒருவரே இணைத்தமைக்கு நம்மவரிடையே நல்ல உதாரணம் சோ. சிவபாதசுந்தரம் அவர்கள். ஈழகேசரியின் ஆசிரியராயிருந்து, இலங்கை வானொலிக்குச் சென்று, பின்னர் லண்டன் பி.பி.சி.யிலே பணியாற்றி, அங்கே ஒலித்த தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர் அவர். 'மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்' என்ற அவரது நூல் பயண நூல்தான். என்றாலும் ஓரிடத்துக்கு நேரே போய், பார்த்து, கேட்டு, பிறகு நூல்களோடு ஒப்பிட்டு எழுதும் முறையைக் கற்க விரும்புகிறவர்கள் இன்றும் அதைப் படிக்கலாம்.

நமது குடாநாட்டிலே பத்திரிகைக்குப் பஞ்சமிருந்ததில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1841ஆம் ஆண்டு தொடக்கிய உதயதாரகை, 1889இல் சைவ பரிபாலன சபையார் தொடக்கிய இந்துசாதனம், 1930இல் குரும்பசிட்டி நா. பொன்னையா அவர்கள் சுன்னாகத்திலிருந்து வெளியிட்ட ஈழகேசரி, 1959இல் தொடங்கி 1961இல் நாளிதழான ஈழநாடு, 1985இல் வந்த உதயன் என்று பட்டியல் நீளும். இவற்றில் கட்டுரை எழுதியவர்களுள் பெரும்பாலானோர் யாரென்று பார்த்தால், ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தபாலதிபர்கள், தமிழ்ப் பண்டிதர்கள். அவர்களுக்கு அரசாங்கமோ பாடசாலை முகாமையாளரோ சம்பளம் கொடுத்தனர். பள்ளிக்கூடம் விட்டு வந்து, விளக்கு வைத்தபின் எழுதினார்கள். பெயர் அச்சில் வந்தால் அதுவே கூலி என்றிருந்தார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஈழத்து இலக்கியம் இந்த வாத்தியார்மாரின் தோள்களில் வளர்ந்தது என்பதில் எவருக்கும் ஐயமிருக்க முடியாது. ஆனால் அதனால் ஒரு தீமையும் வந்தது என்பது எனது அபிப்பிராயம். கட்டுரை என்பது காசில்லாமல் கிடைக்கும் பண்டம் என்ற எண்ணம் நமது சமூகத்தில் வேரோடிவிட்டது. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தவர் வேறொருவர். அதன் பயனை அனுபவித்தது பத்திரிகை. வாத்தியாரல்லாத, எழுத்தை மட்டும் நம்பிய ஒருவர் வந்தபோது, அவருக்கு என்ன கொடுப்பதென்று எவருக்கும் தெரியவில்லை.

இதற்கு உச்சமான உதாரணம் மலர்க் கட்டுரை. கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சனசமூக நிலையத்தின் பொன்விழா மலர் என்று ஆண்டு முழுவதும் நம்மூரில் மலர்கள் பூத்தவண்ணமே இருக்கும். அச்சகத்துக்குப் பணம் உண்டு. அட்டைப்படத்துக்குப் பணம் உண்டு. வெளியீட்டு விழாவில் மேளக்காரருக்கும் பந்தற்காரருக்கும் உண்டு. எழுதியவருக்கு மட்டும் ஒரு பொன்னாடை. அதையும் அவர் மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மேளக்காரரைப் பொன்னாடையோடு அனுப்பிப் பாருங்கள், அடுத்த திருவிழாவுக்கு ஆள் வருகிறாரா என்று!

கொழும்புப் பத்திரிகைகளுக்கு எழுதிய பிரதேச நிருபர்களின் கதை சிறிது வேறு. அவர்களுக்குக் கொடுப்பனவு உண்டு. ஆனால் அச்சில் வந்ததை அளவுகோல் வைத்து அளந்து, அங்குலக் கணக்கில் கொடுப்பதே நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். இம்முறையை ஊன்றி யோசித்துப் பாருங்கள். ஒரு நிருபர் நெடுந்தீவுக்குப் போக வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பஸ் ஏறி, பண்ணைப் பாலங் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகவேண்டும். அங்கிருந்து படகு. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. பிந்தினால் அன்றிரவு தீவிலேயே தங்க நேரும். இத்தனையும் செய்து வந்து, அங்கே வைத்தியரில்லாமல் ஒரு கர்ப்பிணித் தாய் பட்ட பாட்டை எழுதி அனுப்பினால், கொழும்பிலே ஆசிரியபீடத்தில் அன்றைக்கு விளம்பரம் கூடிவிட்டது. கட்டுரை மூன்று அங்குலமாகக் குறைகிறது. மூன்று அங்குலத்துக்கான காசு வருகிறது. படகில் குடித்த தேநீருக்கும் போதாது. அடுத்த முறை அந்த நிருபர் நெடுந்தீவுக்குப் போவாரா? யாழ்ப்பாணத்திலிருந்தபடியே கச்சேரியில் கிடைக்கும் அறிக்கையை நீட்டி நீட்டி எழுதுவார். அங்குலத்துக்குக் காசென்றால் வசனங்கள் நீளத்தானே செய்யும். பல்லாண்டுகளாக நமது பத்திரிகைத் தமிழில் "கேட்டுக்கொள்ளப்பட்டதையடுத்து மேற்கொள்ளப்படவுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது" போன்ற வாலுள்ள வசனங்கள் பெருகியதற்கு இலக்கணம் மட்டும் காரணமல்லவென்று நான் நினைக்கிறேன்.

என் சொந்த அனுபவமொன்று. 1990களின் முற்பகுதியிலே, அச்சுத்தாள் தடைப்பட்டு இங்கே பத்திரிகைகள் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாள்களிலும் அச்சாகிய அந்தக் காலத்தில், கொழும்பிலுள்ள ஒரு வாரப் பதிப்பு என்னிடம் பனைத் தொழில் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தது. தொலைபேசியில்லை, ஒழுங்கான தபாலுமில்லை. கிளாலிக் கடனீரேரி வழியாகப் புறப்பட்ட ஒரு பெரியவரின் பையில் வைத்து அனுப்பினேன். ஏழெட்டு மாதங்களின் பின் வேறொருவர் கொண்டுவந்த பத்திரிகையில் அதைக் கண்டேன். கட்டுரையின் பாதியைக் காணவில்லை. என் பெயரையும் காணவில்லை. கொடுப்பனவு இன்றுவரை வந்து சேரவில்லை. நான் அதற்காக அழவில்லை. எனக்கு ஆசிரியச் சம்பளம் இருந்தது. அதே காலத்தில் அதே பத்திரிகைக்கு எழுதி, அதை நம்பி வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டியிருந்த ஒருவரையும் நான் அறிவேன்.

ஆகவே, ரொறன்ரோ நண்பருக்கு நான் சொன்ன முதலாவது விடயம், "ஆள் பிடிக்கிறதுக்கு முதல் ஒரு கடிதம் எழுதப் பழகும், தம்பி" என்பதே.

ஆளைத் தெரிவது எப்படி என்று அவர் கேட்டார். ஊராரா, உறவினரா, பெரிய பட்டம் பெற்றவரா என்று பாராமல், அவர் எழுதி அச்சில் வந்த மூன்று கட்டுரைகளை வாங்கிப் படியுங்கள் என்றேன். படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. அவர் அந்த இடத்துக்கு உண்மையிலேயே போயிருக்கிறாரா? பேசியவர்களின் வாய்ச்சொல் அவர்களுடைய வாய்ச்சொல்லாகவே இருக்கிறதா, அல்லது எல்லோரும் கட்டுரையாசிரியரைப் போலவே பேசுகிறார்களா? ஒரு தொகையைச் சொன்னால் அது எங்கிருந்து வந்ததென்று சொல்கிறாரா? 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்திலே பழைய ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் ஏராளமாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஒருவர் முன்பு என்ன எழுதினாரென்று தேடிப் பார்க்கவும், வேறு யாரோ எழுதியதைத் தம் பெயரில் தருகிறாரா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும். இது எழுத்தாளரை அவமதிப்பதாகாது. பத்திராதிபர்களின் பக்கத்திலும் நியாயமான முறைப்பாடுகள் உண்டல்லவா? ஒரே கட்டுரையைத் தலைப்பை மட்டும் மாற்றி மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பி, ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்றிலும் வரச்செய்த கெட்டிக்காரர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள்.

கொடுப்பனவை எப்படித் தீர்மானிப்பது? சொல் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுவது உலக வழக்கு. எனக்கு அதிலும் எளிய வழியொன்று தெரியும். ஒரு நல்ல கட்டுரைக்கு எத்தனை நாள் வேலை என்று பாருங்கள். போய் வர, பேச இரண்டு நாள். கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் தரவு தேட ஒரு நாள். எழுத, திருத்த இரண்டு நாள். ஐந்து நாளுக்கு நமது ஊரில் ஒரு மேசனுக்கு என்ன கொடுப்பீர்கள்? தேநீரும் மதியச் சாப்பாடும் வேறு. அதிலும் குறைத்து எழுத்தாளருக்குக் கொடுக்க நினைத்தால், கட்டுரையை அந்த மேசனிடமே கேளுங்கள் என்றேன். நண்பர் சிரித்தார். ஆனால் தொகையை உயர்த்தினார்.

போக்குவரத்துச் செலவு கொடுப்பனவுக்குள் அடங்காது. அது வேறு. படம் எடுப்பதும் வேறு. இவை கடிதத்தில் இருக்கவேண்டும். கால எல்லையும் இருக்கவேண்டும். அது நடக்கக்கூடிய எல்லையாக இருக்கவேண்டும். உதாரணமாக, ஒரு பிரதேச சபை குடிநீருக்கு எவ்வளவு செலவிட்டது என்று அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை எவரும் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவே அச்சட்டம் 14 வேலை நாட்கள் வரை இடங்கொடுக்கிறது. வெள்ளிக்கிழமை கேட்டு அடுத்த வெள்ளி கட்டுரை வேண்டுமென்றால், எழுதுபவர் எங்கே போவார்? தேநீர்க்கடையில் கேட்டதைத்தான் எழுதுவார்.

இன்னொன்று, நம்மவர்கள் எவரும் எழுதாத நிபந்தனை. கேட்டுவாங்கிய கட்டுரையை அச்சிடாது விட்டால் என்ன செய்வது? மேல்நாட்டுச் சஞ்சிகைகள் பலவற்றில், கேட்டபடி எழுதித் தந்தும் வெளியிடப்படாத கட்டுரைக்குப் பேசிய தொகையில் கால் பங்கோ அரைப் பங்கோ கொடுத்துவிடுவார்கள். கட்டுரை எழுதியவரிடமே திரும்பிவிடும். ஒரு தச்சரிடம் கதவு செய்யச் சொல்லிவிட்டு, செய்து முடித்தபின் "வீடு கட்டுகிற எண்ணத்தை விட்டுவிட்டோம்" என்று சொன்னால் அவர் விடுவாரா? இந்த நிபந்தனையைக் கடிதத்தில் சேர்க்கும்படி நான் வற்புறுத்தினேன். அரைப் பங்கு என்று எழுதினோம். அச்சிடாத கட்டுரையின் முழு உரிமையும் எழுதியவருக்குத் திரும்பும் என்றும் எழுதினோம். நண்பருக்கு அது வீண் வேலையாகப் பட்டது. "நாங்கள் காசு குடுத்து எழுதுவிக்கிறது போடத்தானே, மாஸ்ரர்" என்றார்.

உரிமை என்றதும் சட்டத்தைத் தொட்டுத்தானாக வேண்டும். இலங்கையிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையிலுள்ளது. நமது எழுத்தாளர்களுள் பலர் அறியாத ஒரு விடயம் அதில் இருக்கிறது. நீங்களாக விரும்பி எழுதிய கட்டுரையின் உரிமை உங்களுடையது. ஆனால் ஒருவர் கேட்டு, அவருக்காக எழுதிக் கொடுத்த ஆக்கமாயின், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்யாதவிடத்து, அதன் பொருளாதார உரிமை கேட்டு எழுதுவித்தவரைச் சாரும். இந்தியாவிலே அப்படியில்லை. அங்கே 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியரல்லாத ஒருவர் எழுதிய கட்டுரையின் உரிமை பொதுவாக எழுதியவரிடமே தங்கும். தமிழ்நாட்டு நண்பர் சொன்னதைக் கேட்டு இங்கே ஒருவர் தமது கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கப் புறப்பட்டால் சிக்கல் வரலாம். "இக்கட்டுரையை ஒரு முறை வெளியிடும் உரிமை மாத்திரம் உங்களுக்கு, நூலாக்கும் உரிமை எனக்கு" என்று ஒரு வரி எழுதி இருவரும் கையொப்பமிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

ஆனால் பொருளாதார உரிமை போனாலும் போகாத வேறு உரிமையுண்டு. தார்மீக உரிமை என்பர். தமது பெயரை இடும்படி கேட்கவும், புனைபெயரை இடும்படி கேட்கவும், தமது நற்பெயருக்குக் கேடு வரத்தக்கதாக ஆக்கத்தைச் சிதைப்பதை ஆட்சேபிக்கவும் எழுதியவருக்கு அச்சட்டம் இடமளிக்கிறது. காசு கொடுத்தவர் கட்டுரையை வாங்கலாம். தாம் விரும்பியபடி வெட்டி ஒட்டி, அதை எழுதியவரின் கருத்தென்று அவர் பெயரின் கீழ் ஊருக்குக் காட்ட முடியாது. இந்த வேறுபாடு நமது கதைக்குத் தேவைப்படும்.

நேயர்களே, எழுதுவிப்பவர் கொடுக்க வேண்டியது பணம் மாத்திரந்தானா என்ற கேள்விக்கு நமது யாழ்ப்பாணத்திலே மிகக் கொடிய விடையொன்று இருக்கிறது. மயில்வாகனம் நிமலராஜன் என்ற பெயரை இளைய நேயர்கள் சிலர் அறியாதிருக்கலாம். போர்க்காலத்தில், பாதுகாப்பு அமைச்சின் அனுமதியில்லாமல் வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் குடாநாட்டுக்கு வரமுடியாதிருந்த வேளையில், இங்கு நடப்பதை வெளியுலகம் அறிந்தது அவர் போன்ற ஒரு சிலரின் குரலாலும் எழுத்தாலுமே. அவர் பி.பி.சி.யின் தமிழோசைக்கும் சிங்கள சேவைக்கும் செய்தி தந்தார். வீரகேசரிக்கு எழுதினார். ராவய என்ற சிங்களப் பத்திரிகைக்கும் எழுதினார். யாழ்ப்பாணத்துத் துயரத்தைச் சிங்கள வாசகர் தமது மொழியிலே படிப்பதற்கு அவர் ஒரு வழியாயிருந்தார். இத்தனை பேருக்கும் வேண்டியவராயிருந்த அவர் எவருடைய மாதச் சம்பள ஊழியருமல்லர்.

10.10.2000 அன்று நடந்த பொதுத் தேர்தலில் தீவகப் பகுதியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட முறைகேடுகளைப் பற்றி அவர் செய்தி அனுப்பியிருந்தார். 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரம். நகரிலே, படையினரின் காவலரண்கள் சூழ்ந்த பகுதியிலிருந்த தமது வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, யன்னலூடாகச் சுடப்பட்டு உயிரிழந்தார். வீட்டினுள்ளே கைக்குண்டு வீசப்பட்டது, குடும்பத்தவர்கள் காயமடைந்தனர். 2022ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அந்நாட்டுப் பொலிஸார் ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் கைதுசெய்து விசாரித்தனர் என்ற செய்தி வந்தபோது, கொலை நடந்து 21 ஆண்டுகள் கடந்திருந்தன. வீரகேசரிக்கு நெடுங்காலம் எழுதிய, நெல்லை நடேசன் என்று அறியப்பட்ட ஐயாத்துரை நடேசன் 31.05.2004 அன்று மட்டக்களப்பிலே காலை வேளையில் தெருவிலே சுடப்பட்டார். நெல்லியடி மண் அவர்.

எட்டத்தில் இருந்துகொண்டு எழுதுவிப்பவர், தமது ஆபத்தை உள்ளூரில் இருப்பவரின் தலையில் ஏற்றிவிடுகிறார். லண்டனிலோ கொழும்பிலோ இருக்கும் ஆசிரியருக்கு அன்றிரவு நித்திரை வரும். எழுதியவர் அந்த ஊரிலேயே, அந்த ஒழுங்கையிலேயே, தாய் தகப்பனோடு குடியிருக்கிறார். போர் 2009இல் முடிந்தது. ஆனால் மணல் அகழ்வைப் பற்றியோ, கசிப்பு விற்பனையைப் பற்றியோ, காணி பிடிப்பதைப் பற்றியோ எழுதுகிற ஒருவர் இன்றும் அடுத்த நாள் அதே கடையில்தான் பாண் வாங்க வேண்டும். எனவே கடிதத்தில் வேறு சில விடயங்களும் வரவேண்டும். பெயர் இடுவதா விடுவதா என்பதை எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும். அச்சேறும் கடைசி நிமிடம் வரை அதை மாற்ற அவருக்கு இடமிருக்க வேண்டும். சம்பள நிருபரை அனுப்ப அஞ்சும் இடத்துக்கு இவரை அனுப்பக்கூடாது. வழக்கு வந்தால் சட்டத்தரணிக்கு யார் கொடுப்பது, காயமுற்றால் வைத்தியச் செலவு யாருடையது என்பவை எழுத்தில் இருக்கவேண்டும். காப்புறுதி செய்து கொடுக்கிற நிறுவனங்கள் வெளிநாடுகளில் உண்டு. இங்கே அப்படிக் கேட்டால், "உங்களுக்கென்ன, சும்மா கட்டுரைதானே எழுதுறியள்" என்பார்கள்.

இனி வடமராட்சிக் கதைக்கு வருகிறேன். நாங்கள் தெரிந்தெடுத்தது யாழ். பல்கலைக்கழகத்திலே ஊடகக் கற்கை கற்ற ஒரு பெண்பிள்ளையை. அவருடைய பெயரை இங்கே சொல்லாது விடுகிறேன். கடிதத்தை வாசித்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி, "சேர், இதிலை எல்லாம் இருக்குது. என்ன எழுதக்கூடாது எண்டு மட்டும் இல்லையே?" என்பதுதான். "அப்பிடி ஒண்டும் இல்லை, பிள்ளை" என்றேன். அவர் கெட்டிக்காரி, அந்த இடத்தில் சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

ஐந்து கட்டுரைகள் வந்தன. கரைவலை இழுப்பவர்களைப் பற்றி ஒன்று. வெளிநாட்டுக் காசில் கட்டிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் காவல் காக்கும் வயோதிபரைப் பற்றி ஒன்று. சங்கத்தார் அதைப் படித்துக் கண்ணீர் விட்டதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் குறைந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி, சுனாமிக்குப் பின் இடம்மாறிய குடும்பங்களைப் பற்றி, பனங்கட்டி காய்ச்சும் ஓர் அம்மாவைப் பற்றி என்று எல்லாம் நன்றாக அமைந்தன. ஆறாவது, ஊர்க் கிணறுகளைப் பற்றியது. எந்தக் கிணறு எப்போது வெட்டப்பட்டது, எதில் உவர் ஏறியது என்றெல்லாம் விவரித்துக்கொண்டு போய், நடுவில் ஒரு மூதாட்டியின் வாய்மொழி வருகிறது. அவருடைய சிறுவயதிலே ஊர்ப் பொதுக் கிணற்றில் அவர்களின் குடும்பத்தார் வாளி போட முடியாது. குடத்தோடு தள்ளி நிற்கவேண்டும். யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றவேண்டும். ஒருநாள் மத்தியானம் வரை நின்றும் எவரும் ஊற்றாமல், வெறுங் குடத்தோடு திரும்பியதை அவர் சொல்கிறார். ஊற்றாமல் போனவர்களின் வீட்டுப் பெயர்கள் கட்டுரையில் இல்லை. ஆனால் ஊராருக்கு விளங்கும்.

ரொறன்ரோவிலிருந்து மீண்டும் தொலைபேசி வந்தது. "மாஸ்ரர், கட்டுரை நல்லாயிருக்கு. அந்த ஒரு பந்தியை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கோ. இப்ப அதெல்லாம் ஏன்? சங்கத்துக்குள்ளை பிரச்சினை வரும்" என்றார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். சங்கத்தைக் கட்டிக் காப்பது எவ்வளவு சிரமமென்று எனக்கும் தெரியும். பிள்ளையிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "அவையள் காசு குடுக்கினம், எடுக்கலாம். ஆனா எடுத்தா என்ரை பேரையும் எடுக்கச் சொல்லுங்கோ, சேர். அந்த ஆச்சி என்னை நம்பித்தான் சொன்னவ. அவவின்ரை கதையில்லாமல் கிணத்தைப் பற்றி என்ரை பேரிலை வரக்கூடாது" என்றார்.

பெயரில்லாமல் போடுவதற்குச் சங்கத்தார் விரும்பவில்லை. ஐந்து கட்டுரைகள் பெயரோடு வந்தபின் ஆறாவது மட்டும் மொட்டையாக வந்தால் எல்லோரும் கேட்பார்கள். பந்தியோடு போடுவதற்கும் துணிவில்லை. இரண்டு கிழமை இழுபட்டது. இறுதியில் கடிதத்தை எடுத்துப் பார்த்தார்கள். அச்சிடாவிட்டால் அரைப் பங்கு, உரிமை எழுதியவருக்கு. நண்பர் நாணயமானவர், சொன்னபடி அரைப் பங்கை அனுப்பிவைத்தார். நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் போய்வந்த பஸ் செலவையும் முழுதாகக் கொடுத்தார்.

அந்தக் கட்டுரையை அவர் ஒரு பத்திரிகைக்குக் கொடுத்தார். மூன்றாம் ஞாயிறு, ஒரு வரியும் குறையாமல், அவருடைய பெயரோடு வெளிவந்தது. பத்திரிகை என் வீட்டுக்கு வந்து சேர முன்னரே, அப்பக்கத்தைப் படமெடுத்து எனது கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தவர் ரொறன்ரோ நண்பர். கீழே ஒரு குறிப்பு: "மாஸ்ரர், குடத்தோடை நிண்டது ஆரெண்டு எனக்குத் தெரியும். எங்கட அம்மம்மா வீட்டுக்கு நெல்லுக் குத்த வாறவ. அவவின்ரை மகன்ரை விலாசம் எடுத்துத் தருவியளோ?"

விலாசத்தைக் கேட்டு அந்தப் பிள்ளைக்குச் செய்தி அனுப்பினேன். ஆச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் தரலாமென்று பதில் வந்தது.